மின்சாரம் நின்றாலும் நிற்காத நிலைக்கட்டணம்

ஜூலை பிறந்தால் மின்கட்டணம் உயரும் என்ற ஏற்பாட்டை 2022 செப்டம்பரில் வெளியான கட்டண ஆணை நிலைநிறுத்திவிட்டது. 2023இல் 2.18 விழுக்காடு, 2024இல் 4.83 விழுக்காடு, 2025இல் 3.16 விழுக்காடு என்று தொழில் நுகர்வோர் மீது அடுத்தடுத்து ஏறிய சுமை அதன் தொடர்ச்சியே. திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பின்னலாடைத் தொழிலில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பவர் டேபிள் என்று ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் சிறு கூடங்களுக்கு இந்த உயர்வுகளில் மிகவும் அநீதியானது நிலைக்கட்டணம். பயன்படுத்திய யூனிட்டுக்கான விலை வேறு, நிலைக்கட்டணம் வேறு. இணைப்பில் ஒப்புக்கொள்ளப்பட்ட கிலோவாட் அளவைக் கணக்கிட்டு, எந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதந்தோறும் பெறப்படும் தொகை அது.

தாழ்வழுத்தப் பிரிவில் ஒரு தொழிற்கூடம் பெறக்கூடிய உச்ச அளவு 112 கிலோவாட், அதாவது 150 குதிரைத்திறன். அத்தகைய கூடம் 2022 ஆணைக்கு முன் கிலோவாட்டுக்கு ரூ.35 வீதம் மாதம் ரூ.3,920 நிலைக்கட்டணம் செலுத்தியது. 2023 ஜூலைக்குப் பின் அதே கூடம், அதே கம்பி, அதே மின்மாற்றியிலிருந்து பெறும் இணைப்புக்குச் சுமார் ரூ.17,200 செலுத்த வேண்டியதாயிற்று. நான்கு மடங்குக்கும் மேற்பட்ட இந்த உயர்வை எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் சிறு, குறு தொழிற்கூடங்கள் ஒரு நாள் கதவடைத்தன. அதன் பிறகு உச்ச நேரக் கட்டணத்தில் ஓரளவு குறைப்பு கிடைத்ததே தவிர, நிலைக்கட்டணத்தின் அடிப்படை அசையவில்லை.

இந்தத் தொகை எதற்காக என்று கேட்டால், எந்த நேரத்திலும் மின்சாரம் வழங்கும் ஆயத்த நிலையைப் பேணுவதற்காக என்பதே அதிகாரப்பூர்வமான விளக்கம். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், ஆயத்த நிலை இல்லாத நேரத்துக்கு அதைப் பெற உரிமை இல்லை என்பதையும் ஏற்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவித்துக் காலை 9 மணிக்கு நிறுத்தப்படும் மின்சாரம் மாலையில்தான் திரும்புகிறது. மழையிலும் காற்றிலும் அறிவிப்பின்றி நிற்பது தனிக்கணக்கு. அந்த நேரங்களுக்காக நிலைக்கட்டணத்தில் ஒரு ரூபாயும் கழிக்கப்படுவதில்லை.

சில நிமிடத் தடையும் இத்தொழிலில் சிறியதன்று. ஓடிக்கொண்டிருக்கும் வட்டப் பின்னல் எந்திரம் திடீரென்று நின்றால், நின்ற இடத்தில் துணியின் குறுக்கே கோடு விழுகிறது. சாயத் தொட்டியில் துணியின் சுழற்சி நின்றால் ஷேடு மாறி, மறுசாயம் போட வேண்டிய நிலை வருகிறது. ஈரத்துணியை அகலமாக விரித்துச் சூட்டில் உலர்த்தி நிலைப்படுத்தும் ஸ்டெண்டர் எந்திரத்தில் சங்கிலி நின்றுவிட்டால், 150 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உள்ளே அகப்பட்ட துணி பழுப்பேறிப் போகிறது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் இந்த இழப்பு முடிந்துவிடும். ஓடத் தொடங்கிய பின்னரும் ஒரு லிட்டர் டீசலில் சுமார் மூன்றரை யூனிட்தான் கிடைக்கும் என்பதால், யூனிட்டுக்கு ரூ.25க்கும் மேல் செலவாகிறது. ஜாப் ஒர்க் கூலியில் ஓடும் கூடம் இந்தச் செலவையும் சுமந்து, ஓடாத மின்சாரத்துக்கான நிலைக்கட்டணத்தையும் சுமக்கிறது.

மின்தடை குறைந்துவிட்டது என்று காட்டப்படும் கணக்கும் முழுமையானதன்று. ஒரு நுகர்வோர் ஆண்டில் சராசரியாக எவ்வளவு நேரம் மின்சாரமின்றி இருந்தார் என்பதைச் சொல்லும் குறியீடு, பெரும்பாலும் 11 கிலோவோல்ட் மின்பாதை அளவிலேயே கணக்கிடப்படுகிறது. மின்மாற்றிக்குக் கீழே ஃபியூஸ் போவதும், ஒரு ஃபேஸ் மட்டும் அறுவதும், அழுத்தம் குறைந்து மோட்டார் கருகுவதும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. தடைக்கு நுகர்வோர் கேட்காமலேயே இழப்பீடு சேர வேண்டும் என்று மின்நுகர்வோர் உரிமை விதிகள் 2020 டிசம்பரிலேயே கூறிவிட்டன. கட்டண உயர்வு நாள் தவறாமல் பட்டியலில் ஏறும்போது, இழப்பீடு மட்டும் பட்டியலுக்கு வராதது முடிவெடுப்பவர்களின் நோக்கத்தைக் காட்டுகிறது.

முடிவெடுப்பவர்களின் கடந்த காலமும் நம்பிக்கை தருவதாக இல்லை. தேவை பெருகுவது தெரிந்தும் உற்பத்தியைப் பெருக்காமல் காலம் கடத்தியதன் விளைவாக, 2008 நவம்பரில் உயரழுத்தத் தொழில்களுக்கு 40 விழுக்காடு வெட்டு விதிக்கப்பட்டது. 2012இல் இந்த வட்டாரம் நாளில் பாதிக்கும் மேல் இருளில் கிடந்தது. கட்டுப்பாடு முழுமையாக விலக 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளில் கைமாறிய ஆர்டர்களுக்கும், தறியை எடைக்குப் போட்ட குடும்பங்களுக்கும் எவரும் பொறுப்பேற்கவில்லை. அதற்கும் முன்னால், யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்துத் திரண்ட உழவர்கள் மீது 1970 ஜூன் 19 அன்று இதே பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடத்தி மூன்று உயிர்களைப் பறித்தது அன்றைய அதிகாரம். கட்டணம் செலுத்துபவரைக் கேட்டு முடிவெடுக்கும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் வரவில்லை.

கேட்டு முடிவெடுக்கும் வழி நாட்டில் அறியப்படாததன்று. விசைத்தறி ஊரான தெலங்கானாவின் சிர்சில்லாவில் 1970இல் தொடங்கிய கூட்டுறவு மின் வழங்கல் சங்கம் இன்றும் நடக்கிறது. அங்கே நுகர்வோரே உறுப்பினர், உறுப்பினர்களே இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் அத்தகைய சங்கம் உள்ளது. மகாராஷ்டிரத்தின் முளா பிரவரா சங்கம் நிலுவையில் மூழ்கி 2011இல் உரிமத்தை இழந்தது. எனவே கூட்டுறவு என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. எனினும் ஊரகப் பகுதிகளில் மின்சாரத்தை மொத்தமாக வாங்கிப் பகிர்மானத்தை நடத்தக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பயனாளர் சங்கங்களுக்கும் இடம்தரும் கொள்கையை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கோருகிறது. பங்குதாரர்களாகச் சேர்ந்து காற்றாலை நிறுவும் உரிமை இங்குள்ள தொழில்முனைவோருக்கு உண்டு. ஆனால் அந்த மின்சாரம் வந்து சேரும் கம்பியைப் பற்றிப் பேசும் உரிமை அவர்களுக்குத் தரப்படவில்லை.

அந்த உரிமை எந்த வடிவில் வரவேண்டும் என்பதைப் பேசி முடிவு செய்யலாம். அதுவரை, மின்சாரம் நின்ற மணிநேரங்களை மின்மாற்றி வாரியாக வெளியிட்டு, அந்த நேரத்துக்குரிய நிலைக்கட்டணத்தைப் பட்டியலில் கழித்துக் காட்டாமல் இன்னொரு ஜூலை உயர்வை அறிவிக்க எவருக்கும் தகுதியில்லை.