வட்டாவை விட்டிட்டுக் குடலைத் தேடுறம்

போன மாசம் எங்கட குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. குடலில் இருக்கிற பக்டீரியாதான் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாம், விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிட்டினமாம், தினமும் தயிர் சாப்பிட்டால் போதுமாம். தம்பலகாமத்து ஆக்களுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேணும்? எருமைத் தயிர்ச் சட்டியோட வளர்ந்த ஊர் இது. ஒரு மாமா உடனே கைதட்டுற படம் போட்டார். போடும்போது அவருடைய வாய்க்குள் வெற்றிலை இருந்திருக்கும், அது எங்களுக்கு நிச்சயம்.

பெரியப்பாவின் எட்டுச்செலவு முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவருக்கு வந்ததும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்தான். முதலில் சோறு இறங்கேல்லை, பிறகு புட்டு, பிறகு கஞ்சி. ஆறு மாசமா "வாய்வு" எண்டு சொல்லி ஓமத்தண்ணி குடிச்சார். நாங்களும் நம்பினோம். செத்தவீட்டில் வந்தவர்களுக்கு முன்னால் வட்டா சுற்றியது: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. அவரைக் கொண்டுபோனது இதுதான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் குடுத்தது நாங்கள்தான்.

அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யும் இல்லை, அதுதான் கரைச்சல். கலைப்பீடத்துக்காரர் எங்களுக்குப் பக்டீரியாவில் என்ன வேலை என்று கேட்கலாம். தேடிப் படித்தோம், அவ்வளவுதான்.

2016 இல் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் உள்ள 100 பேரின் இழையங்களில் போர்பைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற பக்டீரியாவைத் தேடியிருக்கிறார்கள். புற்று இருந்த இடத்தில் 61 சதவீதம் பேருக்கு அது இருந்தது. பக்கத்து இழையத்தில் 12 சதவீதம். நோய் இல்லாதவர்களிடம் இல்லவே இல்லை. இந்தப் பக்டீரியா குடல்வாசி இல்லை. முரசு வீங்கி இரத்தம் கசிகிற வாயில், பல்லிடுக்கில் குடியிருப்பது. ஜப்பானில் உணவுக்குழாய்ப் புற்றில் கண்ட பியூசோபக்டீரியமும் வாயில் வாழ்வதுதான். செய்தி எழுதினவர் "குடல்" என்று எழுதிவிட்டார், ஆய்வுக்காரர் கைகாட்டுவதோ பல்லுக்கு.

ஆனால் ஒரு இடத்தில் இருக்கிறது என்பதும் அதுதான் காரணம் என்பதும் ஒன்றில்லை. வயலில் கொக்கு நிக்குது எண்டதுக்காகக் கொக்குத்தான் தண்ணி பாய்ச்சினது எண்டு சொல்லேலுமா? கட்டி வந்து குழாய் ஒடுங்கினபிறகு பக்டீரியா வசதியாகக் குடியேறியிருக்கலாம். அதனால்தான் 2017 இல் வந்த அமெரிக்க ஆய்வு எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் நோய் வருவதற்கு முன்னமே ஆட்கள் வாய் கொப்பளித்த நீரை எடுத்து வைத்து, பிறகு யாருக்கு நோய் வந்தது என்று பார்த்தார்கள். அங்கேயும் வாய்ப் பக்டீரியாவுக்கும் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் ஒரு தொடர்பு தெரிந்தது. தொடர்புதான், தீர்ப்பு இல்லை.

எங்கட நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். 2018 இல் வெளியான ஆய்வொன்று இலங்கையரின் வாய்ப்புற்று இழையங்களை எடுத்து, அழற்சியைத் தூண்டுகிற பக்டீரியாக் கூட்டம் அங்கே தூக்கலாக இருப்பதைச் சொன்னது. பசிபிக்கில் உள்ள குவாமில் பாக்கு மெல்லுகிறவர்களின் வாயில் பக்டீரியா வகைகளே குறைந்துபோயிருப்பதை 2017 இல் கண்டார்கள். அப்படியென்றால் பக்டீரியாவை ஆராய்ந்தாலும் வந்து நிற்கிற இடம் வட்டாதான்.

இதில் எங்களுக்குக் கோபம் வருவது ஒரு வசனத்தில்தான்: "நான் புகையிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தானே." உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985 இலேயே புற்றுநோய் தருவது என்று சொல்லிவிட்டது. 2004 இல் வெளியான அதன் தொகுப்பு, புகையிலை இல்லாத வெற்றிலையையும் தனிப் பாக்கையும்கூட அதே முதலாம் பட்டியலில் சேர்த்தது. இலங்கை 2016 இல் புகையிலை கலந்த மெல்லும் பொருட்களைத் தடைசெய்தபோது ஊரில் எல்லாரும் விளங்கிக்கொண்டது, பாக்கு சுத்தம் என்பதைத்தான். வெட்டு மெசின் ஓடுற பெடியள் நித்திரை வராமல் இருக்க இரவிரவாகப் போடுகிறார்கள். எங்கட வயசுப் பெடியள்.

தயிரை நாங்கள் குறை சொல்லவில்லை, நாளைக்கும் சாப்பிடுவோம். அது இந்தப் புற்றைத் தடுக்கும் என்று யாராவது நிரூபித்ததாக எங்கள் கண்ணில் படவில்லை. "நல்ல பக்டீரியா" என்று போத்தலில் அடைத்து விற்கிறவர்களுக்கு இன்னொன்று: வயிற்றில் புண்ணும் புற்றும் தருகிற ஹெலிகோபக்டர் இருக்கிறவர்களுக்கு, உணவுக்குழாயின் கீழ்ப்பக்கத்தில் வருகிற ஒருவகைப் புற்று குறைவாக வருகிறது. நல்லவன் கெட்டவன் என்று பிரிக்க இது சினிமா இல்லை.

எங்களைக் கேட்டால், அந்தக் காசுக்குப் பல் வைத்தியரிடம் போகலாம். எங்கட ஊரில் பெரிய ஆக்கள் அங்கே போவது பல்லுப் பிடுங்க மட்டும்தான். வாயில் வெள்ளைத் தழும்பு இருக்கா, முரசு கசியுதா என்று பார்க்க ஒருத்தரும் போறேல்லை. சோறு இறங்காவிட்டால் ஓமத்தண்ணியோடு மாசக்கணக்கில் இருக்காமல் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்கவேணும். பெரியப்பாவுக்கு நாங்கள் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் வட்டாவில் வெற்றிலையை மட்டும் வைத்தோம். கைதட்டுற படம் போட்ட அதே மாமா வட்டாவைத் துழாவிப் பார்த்துவிட்டு, "பாக்கு எங்க பிள்ளையள்?" எண்டு கேட்டார். நாங்கள் வாய் திறக்க முதல், பெரியம்மா அடுப்படியில் இருந்தே சொன்னா: "கடையில முடிஞ்சுதாம்."