மலை ஏறுதலும் மீளுதலும்

விடுமுறை வந்துற்றால் நம் மாணாக்கருட் பலர் மலைமேற் செல்ல விழைகின்றனர். உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு உவகையும் தரும் அவ்விருப்பத்தைப் பழிக்க யாம் புகவில்லை. ஆயினும், வனத்துறையின் அனுமதி பெறுதலும் வழிகாட்டியை உடன்கொள்ளுதலும் வீரர்க்கு இழுக்கென்று சிலர் பேசக் கேட்டு வருந்தியே இதனை எழுதத் துணிந்தோம்.

2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் நிகழ்ந்ததை யாவரே மறக்கவல்லார்? சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்ற இளைஞரும் இளம்பெண்களும் கொழுக்குமலையினின்று இறங்கி வருங்கால், காய்ந்த புல்லிற் பற்றிய தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். மாண்டாரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. அவர்தம் சாவினின்று நாம் கற்றது யாது என்பதே கேள்வி.

சமதரையிற் பரவுவதினும் சரிவின்மேல் தீ விரைந்து ஏறும். ஏனெனில் அதன் சுவாலை மேலேயுள்ள புல்லை முன்னரே சூடேற்றி உலர்த்திவிடுகின்றது. ஒடுங்கிய ஓடையோ புகைபோக்கியைப் போலத் தீயை மேலே இழுக்கும். ஒளிந்துகொள்ள ஏற்றதெனத் தோன்றும் பள்ளமே உயிர்க்கு இறுதியாதல் கூடும். எந்தப் புல் எம்மாதத்தில் எரியும், எந்த ஓடை மழைக்குப்பின் பெருகும், யானை எவ்வழி வரும் என்பனவெல்லாம் மலைவாசிகளுக்குப் பாலபாடம். பட்டம் பெறவிருக்கும் நாம் அவர்முன் மாணாக்கராய் நிற்பதில் இழிவு யாது? 2024-ல் தமிழ்நாட்டு அரசு 40 மலைவழிகளை ஒழுங்குபடுத்தித் திறந்தபொழுது, அவ்வவ்விடத்துப் பழங்குடியினரை வழிகாட்டிகளாகப் பயிற்றி அமர்த்தியது மிகவும் பொருத்தமே.

"கடவுள் காப்பார், அஞ்சுவதேன்?" என்பாரும் உளர். ஆலயத்தின் உச்சியினின்று குதித்துக் கடவுளைச் சோதித்தல் விசுவாசமாகாதென வேதபாட வகுப்பிற் கற்ற நாம் இவ்வாறு பேசலாமா? அறிவையும் எச்சரிக்கையையும் அளித்தவரும் அவரே அன்றோ?

ஆதலின், நம் கல்லூரியினின்று மலைக்குப் புறப்படும் ஒவ்வொரு கூட்டத்தாரும் செல்லும் வழியையும் மீளும் நேரத்தையும் விடுதிக் காப்பாளரிடம் எழுதிவைத்தல் வேண்டும். வனத்துறை மூடிய வழியில் ஒருவரும் அடியிடலாகாது. கூட்டத்துள் மெலிந்தவரின் நடையே எல்லார்க்கும் நடையாதல் வேண்டும். உச்சி ஒரு பர்லாங்கு தூரத்தில் இருப்பினும், வழிகாட்டி திரும்பச் சொன்ன கணமே திரும்புதல் வேண்டும்.

நண்பர்காள்! ஏறுதற்கு வேண்டிய துணிவு பலரிடத்தும் உண்டு. பாதி வழியில் மீளுதற்கு வேண்டிய துணிவு சிலரிடத்தே உண்டு. பின்னதையே யாம் வீரமென்போம். மலை எங்கும் போய்விடாது. அடுத்த விடுமுறையிலும் அங்கேயே நிற்கும். அதனைக் காண நாமும் இருக்குமாறு நடந்துகொள்வோமாக.