கேட்டதும் கிடைக்கும் ஸ்டீராய்டு

தொடை இடுக்கில் படர்தாமரை, கன்னத்தில் மங்கு, கல்யாணத்துக்குள் கொஞ்சம் நிறம் கூட வேண்டுமென்ற ஆசை: மூன்றுக்கும் மெடிக்கல் ஷாப்பில் பல நேரம் ஒரே வகைக் களிம்பைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். சீட்டு கேட்பதில்லை. டியூபின் ஓரத்தில் பொடி எழுத்தில் குளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கும். மூன்றுமே ஸ்டீராய்டுகள். வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அட்ரீனல் சுரப்பியில் ஊறும் கார்ட்டிசால் ஹார்மோனைப் பின்பற்றிச் செய்யப்பட்டவை இவை. அந்த ஹார்மோனுக்கான ஏற்பிப் புரதம் நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் காத்திருக்கிறது. ஹார்மோன் வந்து ஒட்டியதும் அது உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு வேலை செய்யலாம், எது அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒட்டியது சுரப்பியிலிருந்து வந்ததா, டியூபிலிருந்து பிதுங்கியதா என்று ஏற்பி விசாரிப்பதில்லை. வீரியம் மட்டும் மாறுகிறது. கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோனைவிட, தோலில் சோதித்த கணக்குப்படி, குளோபீட்டாசால் சுமார் 600 மடங்கு வீரியமுள்ளது.

ஆகவேதான் அரிப்பு இரண்டு நாளில் அடங்குகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கி, நிறமி குறைந்து தோல் வெளுக்கிறது. 'சிவப்பழகு' என்று கொண்டாடப்படுவதில் பெரும்பங்கு இந்த வெளுப்புதான். ஆனால் அதே ஏற்பி கொலாஜன் உற்பத்தியையும் குறைக்கிறது. மாதக்கணக்கில் பூசிய முகத்தில் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரிகின்றன. பருவும் ரோமமும் கிளம்புகின்றன. இடுக்குகளில் அழியாத வரிகள் விழுகின்றன. நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது. எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதே டியூப்.

பூசும் இடமும் முக்கியம். முன்கைத் தோல் உறிஞ்சும் ஹைட்ரோகார்ட்டிசோனை 1 என்று கொண்டால், நெற்றியில் அது 6, தாடையோரத்தில் 13, விதைப்பையில் 42 என 1967இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபெல்ட்மேனும் மைபாக்கும் அளந்து காட்டினார்கள். நம் மக்கள் தாராளமாகப் பூசுவது முகத்திலும் தொடை இடுக்கிலும்தான். குளோபீட்டாசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது. நாளுக்கு 2 கிராம்கூட அட்ரீனல் சுரப்பியை மந்தப்படுத்தக்கூடும். இவை அந்த மருந்தின் குறிப்புத் தாளிலேயே உள்ள எச்சரிக்கைகள். யார் படித்துக் காட்டுகிறார்கள்?

படர்தாமரை விஷயம் இன்னும் மோசம். ஸ்டீராய்டு நம் தோலின் எதிர்ப்பை அடக்குகிறது, பூஞ்சையை அல்ல. வெளியே அரிப்பு தணிந்திருக்க, உள்ளே பூஞ்சை பரவி, தடிப்பின் தோற்றமே மாறிவிடுகிறது. இதை 1968இலேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் விவரித்துப் பெயரிட்டும் விட்டார்கள். டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்குப் பல நேரம் அடங்காத 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்ற பூஞ்சை இன்று இந்தியாவில் பரவிக் கிடக்கிறது. அதன் பெருக்கத்துக்கு ஸ்டீராய்டுக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். 2023இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் அது கண்டறியப்பட்டபோது அமெரிக்கா எச்சரிக்கை வெளியிட்டது. பெயரிலேயே இந்தியாவைத் தாங்கிய பூஞ்சை!

சட்டம் இல்லாமல் இல்லை. பூச்சு மருந்து என்பதால் பல ஸ்டீராய்டுகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, 14 வகைகளை 2018 மார்ச்சில் மத்திய அரசு, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணை 'எச்' கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடையானபோது, ஸ்டீராய்டோடு பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த சில களிம்புகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. பட்டியலில் இல்லாத சேர்க்கைகள் தப்பின. கடை கவுன்டரிலோ ஒன்றும் மாறவில்லை.

கிராமத்தில் தோல் டாக்டருக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் சாதாரணப் படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோல் களிம்பு மலிவாகவே கிடைக்கிறது; அதற்குக் கட்டுப்படாத நோய் டாக்டர் பார்க்க வேண்டிய நோய். மருத்துவர் இல்லாத குறைக்கு ஈடாக 600 மடங்கு வீரியத்தைக் கொடுப்பது எந்த ஊர் வைத்தியம்?

ஸ்டீராய்டே விஷம் என்றும் நாம் சொல்லவில்லை. சொரியாசிஸ், எக்ஸிமா நோயாளிகளுக்கு அது அருமருந்து. டாக்டர் சொல்லிப் பூசுகிறவர்களும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்த வேண்டாம்.

வீரியமிக்க பூச்சு ஸ்டீராய்டுகளை அட்டவணை 'எச்1'க்கு மாற்ற வேண்டும். சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்கக் கட்டாயப்படுத்தும் பிரிவு அது. பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு ஏற்கெனவே அந்த விதி உண்டு. ஸ்டீராய்டோடு பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்புகளை, சேர்க்கை சேர்க்கையாகத் துரத்தாமல், ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய வேண்டும். இந்த இரண்டும் டெல்லியின் கையில். கடைகளில் சோதனை நடத்துவதற்கோ, சீட்டில்லாமல் விற்பவரின் உரிமத்தை நிறுத்திவைப்பதற்கோ புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அந்த அதிகாரம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இன்றைக்கே இருக்கிறது.