கூரையையும் கவனிப்போம்

கோடையில் மருத்துவமனையிலிருந்து இல்லம் திரும்பும் நோயாளிக்கு மருந்துச் சீட்டும், உணவு முறையும், அடுத்து வரவேண்டிய தேதியும் தரப்படுகின்றன. அவர் படுக்கப்போகும் அறையின் கூரை எத்தகையது என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட நமது திண்டுக்கல் சமவெளியில் கத்திரி வெயிலின் கடுமையை அறியாதார் இலர். காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கி, இரவில் அறைக்குள் உமிழ்கிறது. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் நண்பகலிலேயே அனலாய்க் கொதிக்கின்றன. உடல்நலம் உடையோர் இதை ஒருவாறு தாங்கிக்கொள்வர். முதியோர், இதய நோயாளிகள், நீர் பிரியச் செய்யும் மாத்திரை உட்கொள்வோர், தண்ணீரை அளந்தே பருக வேண்டிய சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு அது ஆபத்தாகலாம். வீட்டில் வைத்திருக்கும் இன்சுலினும் 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வீரியம் குன்றக்கூடும்.

மருத்துவச் செலவால் தளர்ந்த குடும்பம் கடன் பெற்று ஏ.சி. வாங்குவதைக் காண்கிறோம். கூரை கொதிக்கும்போது அந்த இயந்திரம் மிகுதியாக உழைக்கும், மின்கட்டணமும் உயரும். ஆகவே முதல் பணம் கூரைக்கே செலவாகட்டும்.

எல்லாவற்றினும் மலிவானது சுண்ணாம்பு. அதை நன்கு நீற்றி, வடிகட்டி, பசை கலந்து, கூட்டித் துடைத்த மொட்டை மாடியில் இரண்டு மூன்று பூச்சுகள் அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிச் செல்லும். மழையில் கரையுமாதலால் ஆண்டுதோறும் பங்குனிக்குள் புதுப்பிக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் புண்ணாக்கும், கவனம் தேவை. வெப்பம் தடுக்கும் வெள்ளை வண்ணப்பூச்சு விலை கூடியது. ஆனால் சில ஆண்டுகள் நிற்கும். நிரந்தரத் தீர்வு விரும்புவோர் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, மேலே தட்டோடு பதிக்கும் பழைய முறையை நாடலாம். தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என முன்னரே அறிதல் நன்று.

தளத்துக்கு மேலே சில அடி உயரத்தில் நாற்றங்கால் நிழல்வலையைக் கட்டுவதும் பயனளிக்கும். இடையே காற்று உலவுவதே அதன் சிறப்பு. தென்னங்கீற்றும் நன்று; எனினும் தீப்பற்றும். தெர்மாகோல் பலகைக்கும் அதே அச்சம் உண்டு. சமையலறைக்கு அருகில் அது வேண்டா. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளையிடுவதும் உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் கூடா. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அதன்மேல் ஏறுவதும் ஆபத்து. தகடு உடைந்து விழுந்தவர் பலர்.

“வாடகை வீட்டுக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?” என்பது நியாயமான வினா. சுண்ணாம்பின் செலவை வீட்டு உரிமையாளர் ஏற்பதே முறை. அவருடைய தளமும் அதனால் பாதுகாப்புப் பெறும். அவர் மறுத்தாலும், நோயாளியின் கட்டிலை மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றுவதற்குச் செலவில்லை.

இப்பொறுப்பைத் தனிக் குடும்பங்களின் தலையில் மட்டும் சுமத்துவதும் தகாது. 2010ஆம் ஆண்டின் கொடிய வெப்பத்துக்குப் பின் அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியையும் மேற்கொண்டது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 2014இல் மாநகராட்சியான திண்டுக்கல்லும், நோயாளிகள் வாழும் எளிய வீடுகளிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.

கூரைக்குச் செய்யும் எதுவும் சிகிச்சைக்கு மாற்றன்று. உடல் அனலாய்க் கொதித்து, பேச்சுத் தடுமாறினால், உடலை நனைத்து விசிறியவாறே உடனே 108ஐ அழையுங்கள். அந்நிலை வாராமல் காக்கவே இவ்வளவும். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, உங்கள் கூரை ஓடா, தகரமா, காங்கிரீட்டா என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையெனினும் சொல்லுங்கள்.