விண்கல் வருகிறது என்றால் பயப்படணுமா?

2025 பிப்ரவரி 18. அன்று ஓர் எண் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது: 3.1 சதவிகிதம். '2024 ஒய்.ஆர்.4' என்ற விண்கல், 2032 டிசம்பர் 22-ம் தேதி பூமியில் மோத இருந்த வாய்ப்பு அது. விழக்கூடிய பாதை தெற்காசியாவையும் தொட்டதால், நமக்கும் கவலை வந்தது.

ஆறே நாளில் அந்த எண் 0.004-க்கு இறங்கிவிட்டது. அப்படியென்றால் முதலில் சொன்னது தப்பா? இல்லை. கணக்கு போகும் வழியே அதுதான்.

அந்தக் கல்லை 2024 டிசம்பர் 27-ல் முதலில் பார்த்தது, சிலி நாட்டில் இருக்கும் 'அட்லஸ்' தானியங்கித் தொலைநோக்கி. இரவெல்லாம் வானத்தைப் படம் பிடிக்கும் இதன் படங்களில், இடம் மாறும் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் பிரித்தெடுக்கும். நாசாவின் 'சென்ட்ரி' மென்பொருள், அவை அடுத்த 100 ஆண்டுகளில் பூமியில் மோதுமா என்று கணக்குப் போடும். புதுத் தகவல் வர வர, கணக்கும் மாறும்.

புயல் அறிவிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள், 'நாகைக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடக்கலாம்' என்பார்கள். மறுநாள், 'புதுச்சேரிக்கும் நெல்லூருக்கும் இடையே' என்று பரப்பு சுருங்கும். சென்னை இன்னும் அதற்குள் இருப்பதால், அதற்கான ஆபத்து முன்பைவிடக் கூடும். 'நெல்லூர் அருகேதான்' என்று உறுதியானதும் சென்னை தப்பித்துவிடும். விண்கல் விஷயத்திலும் அப்படித்தான். எண் ஏறுவதாலேயே கல் நம்மை நோக்கித் திரும்பிவிட்டதாக அர்த்தமில்லை. வலை சுருங்கியிருக்கிறது, பூமி இன்னும் வலைக்குள் இருக்கிறது, அவ்வளவே.

ஆனால், இந்தக் காவலுக்கும் ஓர் ஓட்டை உண்டு. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வரும் கற்களைத் தரையிலுள்ள தொலைநோக்கிகளால் பார்க்க முடியாது. 2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல், சுமார் 20 மீட்டர் அகலக் கல் ஒன்று அப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வெடித்தது. காயம்பட்டவர்கள் சுமார் 1,500 பேர். பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகள் கிழித்த காயங்கள். முதலில் வெளிச்சம் வந்தது. என்னவென்று பார்க்க ஜன்னலோரம் போய் நின்றவர்கள் மீது, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியை நொறுக்கிக் கொட்டியது.

எனவே, இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். விண்கல் செய்தியில் சதவிகிதம் ஏறினால், பதறிப்போய் ஃபார்வேர்டு செய்யாமல் ஒரு வாரம் பொறுங்கள். வானத்தில் கண்கூசும் வெளிச்சம் திடீரென்று தெரிந்தால், பொறுக்கவே வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு உடனே ஜன்னலைவிட்டு விலகிவிடுங்கள்!