லிட்டில் இந்தியா விளம்பரம்: கூட்டம் வருகிறது, கடை நிலைக்கிறதா?

தீபாவளி நெருங்கினால் சிராங்கூன் சாலை ஜொலிக்கும். அந்த ஒளியூட்டை ஏற்பாடு செய்யும் லிஷா அமைப்புக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் ஆதரவு தருகிறது. வட்டாரத்துச் சுவரோவியங்கள் பலவும் கழகமும் லசால் கலைக் கல்லூரியும் இணைந்து நடத்திய கலைவிழாவில் பிறந்தவை.

பழைய வட்டாரத்தை உயிர்ப்பிக்க அரசாங்கம் இப்படி விளம்பரத்துக்குச் செலவழிப்பது புதிதல்ல. ஆனால் அதன் பலன் யாருக்கு?

கட்டடத்துக்குக் காவல் உண்டு, கடைக்கு?

1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளை இஷ்டத்துக்கு இடிக்கவோ முகப்பை மாற்றவோ முடியாது. ஆனால் வாடகைக்கு அந்த விதியில் வரம்பு கிடையாது. பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்த சட்டமும் படிப்படியாகத் தளர்ந்து, 2001இல் முழுசா நீக்கப்பட்டது. வட்டாரம் பிரபலமாகும்போது வாடகையும் ஏறலாம். அப்போது விளம்பரத்தின் லாபம் கடைக்காரரைவிடக் கட்டட உரிமையாளருக்கே அதிகம் போகும்.

சைனாடவுன் முன்பே கேட்ட கேள்வி

1998இல் பயணத்துறைக் கழகம் சைனாடவுனுக்கு 97.5 மில்லியன் வெள்ளித் திட்டம் ஒன்றை அறிவித்தது. சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் அதைக் கடுமையாக விமர்சித்தது. மக்கள் புழங்கும் இடம் சுற்றுப்பயணிகளுக்கான காட்சிக்கூடமாக மாறிவிடும் என்பது அவர்களின் கவலை.

100 வெள்ளியில் மல்லிகை வாங்க முடியாது

2020 ஜூலையில், உள்ளூர்வாசிகளை நம் ஊரையே சுற்றிப் பார்க்க வைக்க 45 மில்லியன் வெள்ளி விளம்பர இயக்கம் தொடங்கியது. அடுத்து 320 மில்லியன் வெள்ளியில் பற்றுச்சீட்டுகள். 18 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு ஆளுக்கு 100 வெள்ளி. அவற்றை ஹோட்டல், சுற்றுலாத் தலம், வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலா ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்படுத்த முடிந்தது. தேக்காவில் பிரியாணியோ பூக்கடையில் மல்லிகையோ வாங்க முடியாது. பயணத்துறையைக் காப்பாற்றுவதே நோக்கம் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனாலும் சுற்றிப் பார்க்க வருபவர் வேறு, கடையை வாழவைக்கும் வாடிக்கையாளர் வேறு என்பதை அது காட்டியது.

விளம்பரம் குறிவைக்காத வாடிக்கையாளர்

கிராஞ்சி, துவாஸ் பக்கத் தங்குவிடுதிகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் வெளிநாட்டு ஊழியர்கள்தான் பல கடைகளுக்கு ஆதாரம். மளிகை, சாப்பாடு, ஊருக்குப் பணம் அனுப்புவது, கைபேசி அட்டை என்று அவர்களுக்கு எல்லாமே இங்கேதான். கிருமிப்பரவல் காலத்தில் அவர்கள் விடுதியைவிட்டு வெளியே வர முடியவில்லை. 2021 செப்டம்பரில் முன்னோடித் திட்டம் தொடங்கியபோதுகூட, வாரத்துக்கு அதிகபட்சம் 500 பேருக்குத்தான் அனுமதி. எவ்வளவு நல்ல காணொளி எடுத்தாலும் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. கிராஞ்சியில் உள்ளதுபோன்ற பொழுதுபோக்கு நிலையங்களில் மளிகைக் கடை, பணம் அனுப்பும் சேவை எல்லாம் வந்துவிட்டன. ஊழியர்களுக்கு அது நல்ல வசதி. ஆனால் ‘எப்படியும் வருவாங்க’ என்று லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் இனி இருந்துவிட முடியாது.

இப்போது என்ன மாற்றம்?

2025இல் தேசிய மரபுடைமைக் கழகம் பாரம்பரிய வணிகங்களுக்கான திட்டத்தைக் கொண்டுவந்தது. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் வட்டாரங்களில் 30 ஆண்டுகளுக்கு மேல் இயங்கும் வணிகங்களுக்கு அங்கீகாரமும் சந்தைப்படுத்த உதவியும் கிடைக்கும். கட்டடத்தோடு நிற்காமல் கடையையும் மரபாகப் பார்ப்பது முக்கியமான முன்னேற்றம். ஆனால் வாடகை ஒப்பந்தம் முடியும் நாளில் அங்கீகாரச் சான்றிதழ் மட்டும் போதாது.

அடுத்த முறை ஏதாவது வட்டாரத்துக்கு விளம்பரத் திட்டம் அறிவிக்கப்பட்டால், எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையோடு நின்றுவிட வேண்டாம். அங்குள்ள கடைகளில் எத்தனை, ஐந்து ஆண்டு கழித்தும் அதே இடத்தில் இருக்கின்றன என்றும் கேட்கலாம். செலவான பணத்துக்கு அதுதான் சரியான கணக்கு.