இலை வடாமில் தோரணம் கட்டும் ஊர்!

ஒவ்வொரு வருடமும் மே 15-ம் தேதி, பிலிப்பைன்ஸ் நாட்டின் லுக்பான் ஊரில் வீடெல்லாம் காய்கறிக் கடையாகிவிடும். வாசல் தூணில் வாழைத்தார், ஜன்னலில் பாகற்காய், மாடியில் நெற்கதிர்க் கொத்து. இவற்றுக்கெல்லாம் மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காற்றில் ஆடும் இலைகள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும், அவை இலைகளே அல்ல... வடாம்!

'கிப்பிங்' என்று அதற்குப் பெயர். நம் வீடுகளில் இலை வடாம் போடுகிற அதே பக்குவம்தான். அரைத்த அரிசி மாவில் வண்ணம் கலந்து, இலையின் மேல் மெல்லிசாகத் தடவி, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆறியதும் உரித்தெடுத்து, மேலே பாரம் வைத்துக் காயவிடுகிறார்கள். இலையின் நரம்புகள்கூட அப்படியே பதிந்திருக்கும். அடுக்கடுக்காகக் கோத்துத் தொங்கவிட்டால் சரவிளக்கு மாதிரி இருக்கும். விழா முடிந்ததும் பொரித்துச் சாப்பிடலாம்.

லூசோன் தீவின் கேசோன் மாகாணத்தில், பனஹாவ் மலையடிவாரத்தில் இருக்கிறது லுக்பான். பம்ப்ளிமாஸ் பழத்தின் பெயரே ஊருக்கும் பெயர். இந்த விழாவின் பெயர் 'பஹியாஸ்'. 'அலங்காரம்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது.

விழாவின் நாயகர் புனித இசிதோர். ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் சுமார் 900 வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த பண்ணையாள். அவர் ஜெபத்தில் இருக்கும்போது, தேவதூதர்கள் அவருக்காக ஏர் உழுதார்கள் என்பது கதை. ஸ்பானியர் ஆட்சியோடு வந்த அவரை, பிலிப்பைன்ஸ் உழவர்கள் தங்கள் காவலராக்கிக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் விளைந்ததை எல்லாம் தேவாலயத்துக்கு எடுத்துப்போய் ஆசி பெற்றார்களாம். இடம் போதாமல்போகவே, அவரவர் வாசலிலேயே வைக்கச் சொல்லி, பாதிரியார் தெருத்தெருவாக வந்து ஆசி வழங்கியதாகச் சொல்கிறார்கள். இன்று அந்த வழியே புனிதரின் சிலை ஊர்வலமாக வருகிறது. ஊர்வலப் பாதை வருடா வருடம் மாறும். சிலை ஒரு தெருவுக்கு வந்துபோனால், அடுத்த முறைக்குச் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். அதனால் முறை வரும் வருடத்தில் குடும்பமே மாவரைக்க உட்கார்ந்துவிடும். சிறந்த அலங்காரத்துக்குப் பரிசும் உண்டு.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு வாழையிலைத் துண்டில் நூடுல்ஸ். 'பன்சித் ஹப்ஹப்' என்பார்கள். ஸ்பூனும் கிடையாது, கையும் படக்கூடாது. இலையோடு தூக்கி வாயில் சரித்துக்கொள்ள வேண்டும்! கூடவே பூண்டு மணக்கும் லுக்பான் லாங்கனிசா, அதாவது பன்றி இறைச்சித் தொத்திறைச்சி.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் ஆதாரம் நெல். நம் ஊர் விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான ஐ.ஆர்.8 ரகம், 1966-ல் பக்கத்து லகுனா மாகாணத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் வெளிவந்தது. அப்படிப்பட்ட நாடு, இன்று உலகில் மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று. 2019-ல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை நீக்கிச் சட்டம் வந்தது. அந்த வருடமே நெல் கொள்முதல் விலை சரிந்து, விவசாயிகள் திண்டாடினார்கள். கடையில் அரிசி மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது வாங்குகிறவரின் நியாயம். போட்ட முதலாவது திரும்ப வேண்டும் என்பது விளைவிக்கிறவரின் நியாயம். இரண்டுக்கும் நடுவில் அரசு தடுமாறுகிறது.

லுக்பான் தெருக்களில் இதையெல்லாம் யாரும் பேனர் கட்டிச் சொல்வதில்லை. ஆனால், வண்ண வண்ணமாகத் தொங்கும் ஒவ்வொரு கிப்பிங்கும் யாரோ ஒருவர் சேற்றில் இறங்கி விளைவித்த அரிசி. மாவரைக்க ஆள் இருந்தால் மட்டும் போதாது, நாற்று நடவும் ஆள் வேண்டும். நடுகிறவருக்குக் கட்டுப்படியானால்தான், அடுத்த முறை சிலை வரும்போதும் அந்தத் தெருவில் தோரணம் ஆடும்.